படத்துக்கு விலை வைப்பது யார்? - வாசகர் கேள்விகள்

கேள்வி: ஓவியர் எம்.எஃப். ஹுசேனின் ஓவியம் ஒன்று 118 கோடி ரூபாய்க்கு ஏலம் போனதாகப் படித்தேன். துணிக்கும் வண்ணத்துக்கும் இவ்வளவு விலையா? இதை யார் முடிவு செய்கிறார்கள்? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: 2025 மார்ச்சில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் என்ற ஏல நிறுவனம் ஏலம் விட்ட 'கிராம யாத்ரா'வைக் கேட்கிறீர்கள். 1954-ல் வரைந்தது. ஏறக்குறைய 14 அடி நீளம், அதற்குள் 13 காட்சிகள். பால் கறக்கிறார்கள், மாவு அரைக்கிறார்கள், மாட்டுவண்டியில் போகிறார்கள்.

ஏலக்காரர்கள் முதலில் போட்ட மதிப்பு 25 முதல் 35 லட்சம் டாலர்தான். முடிந்தது 137.5 லட்சம் டாலரில், அதுதான் நீங்கள் படித்த 118 கோடி ரூபாய். ஏல நிறுவனத்தின் கட்டணமும் அதில் அடக்கம்.

ஏன் அப்படி ஏறியது? முப்பது வருடமாகப் படங்களுக்கு ஃபிரேம் போடுகிறவன் நான். ஒரு படம் கைக்கு வந்தால் முதலில் பின்பக்கம்தான் திருப்பிப் பார்ப்பேன். யாரிடம் இருந்தது, எங்கே காட்சிக்கு வைத்தார்கள் என்ற சீட்டுகள் அங்கேதான் ஒட்டியிருக்கும். இந்தப் படம் கைமாறி வந்த வழி சுத்தமானது. டெல்லியில் உலக சுகாதார நிறுவன வேலையாக இருந்த ஒரு மருத்துவர் 1954-லேயே வாங்கி, நார்வேக்குக் கொண்டுபோனார். பிறகு அது ஆஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது. நடுவில் கை மாறவே இல்லை. ஹுசேன் பெயரில் போலிகள் நிறைய உலவுகிற சந்தையில், இந்தச் சந்தேகமின்மைக்கே தனி விலை உண்டு. போதாததற்கு, அவருடைய ஆரம்பகாலப் பெரிய படம். வேண்டும் என்றாலும் இன்னொன்று கிடைக்காது.

ஆனால் ஏலத்தில் விலையை ஏற்றுவது இரண்டாவது ஆள். ஒருவருக்கு மட்டும் ஆசை இருந்தால் மதிப்பீட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். விட்டுக்கொடுக்காத இன்னொருவர் எதிரில் இருந்தால் மட்டுமே இப்படிப் போகும்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஆறுவதில்லை. நடைமுறையில் ஓவியருக்குக் கிடைப்பது முதல் விற்பனைப் பணம்தான். ஆனால் நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு, 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் அதிகபட்சம் 10 சதவீதம் வரை ஓவியருக்கோ வாரிசுக்கோ பங்கு உண்டு என்கிறது. அப்படி ஒரு ரூபாய் வந்ததாகச் சொன்ன ஓவியரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஓவியம் படிக்கிற பிள்ளைகள் இந்தப் பிரிவைத் தெரிந்துவைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

கேள்வி: பாட்டி வீட்டில் ரவிவர்மா கையெழுத்துடன் லட்சுமி படம் இருக்கிறது. கோடிக்குப் போகுமா? (இல்லத்தரசி, காரைக்குடி)

பதில்: அநேகமாக அது அச்சுப்படம். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, ஆயிரக்கணக்கில் வீடுகளுக்கு அனுப்பினார். கையெழுத்தும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். ஒரு லென்ஸை லட்சுமியின் கன்னத்தருகே வைத்துப் பாருங்கள். பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்தால் அச்சு. தைலவண்ணமாக இருந்தால் தூரிகை இழுத்த தடம் மேடும் பள்ளமுமாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் உடனே நல்ல நிபுணரிடம் காட்டுங்கள். ரவிவர்மாவின் மூல ஓவியங்கள் தேசியக் கலைச் செல்வங்கள். 1972-ம் ஆண்டுச் சட்டப்படி நாட்டைவிட்டு வெளியே விற்க முடியாது.

அச்சு என்றாலும் ஏமாற்றம் வேண்டாம். உங்கள் பக்கத்து வீடுகளில் படத்திலுள்ள புடவைமேல் ஜரிகையும் சமிக்கியும் வைத்துத் தைத்த அச்சுப்படங்கள் உண்டு. சேகரிப்பவர்கள் அவற்றைத் தேடி வருகிறார்கள். கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தால் இன்னும் நல்லது. தொழில் பழகிய நாளில் ஃபிரேமுக்குள் அடங்கவில்லை என்று அந்த ஓரத்தை நான் கத்தரித்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது. நீங்கள் வெட்டவிடாதீர்கள். அப்புறம், கண்ணாடியில் காகிதம் ஒட்டியிருந்தால் பிரிக்கவும் வேண்டாம், அப்படியே காகிதப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.