எந்தக் கையேடு, எங்கே கிடைக்கும்: விமானப் பராமரிப்பாளர்களின் கேள்விகளும் பதில்களும்

வணக்கம். பராமரிப்புக் கையேடுகளை எங்கே தேடுவது, எதை நம்புவது என்று கேளுங்கள். சம்பளம், வேலைவாய்ப்பு வேண்டாம்.

கே: சார், நான் மாணவன். காசில்லாமல் அதிகாரபூர்வமான புத்தகம் ஏதாவது உண்டா?

உண்டு. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் 8083-30, 31, 32 என்ற மூன்று கையேடுகளும் அதன் தளத்திலேயே இலவசம். பொது, உடற்பகுதி, எஞ்சின் என்று பிரித்திருப்பார்கள். அப்புறம் ஏ.சி. 43.13-1பி என்ற, பழுதுபார்ப்பு முறைகளைச் சொல்லும் எஃப்.ஏ.ஏ. சுற்றறிக்கை. இதை மட்டும் கவனமாகப் பயன்படுத்துங்கள். தயாரிப்பாளர் வழிமுறை எதுவும் தராத இடத்தில், அதுவும் காற்றழுத்தம் ஏற்றப்படாத பகுதிகளுக்குத்தான் அது. தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் அவர் சொல்வதே முடிவு.

கே: போயிங் 737இன் ஏ.எம்.எம். (விமானப் பராமரிப்புக் கையேடு) பி.டி.எஃப். லிங்க் கிடைக்குமா?

கிடைக்காது. அது போயிங்கின் வாடிக்கையாளர் தளத்தில், கணக்கு உள்ளவர்களுக்கு மட்டும். நிறுவனத்தில் வேலை செய்தால் உங்கள் தொழில்நுட்ப நூலகத்தைக் கேளுங்கள்.

கே: ஏ.எம்.எம்.இல் 32-41-00, பக்கம் 401 என்கிறார்களே, எப்படிப் படிப்பது?

நல்ல கேள்வி. முதல் இரண்டு எண்கள் ஏ.டி.ஏ. அத்தியாயம், அதாவது விமானக் கையேடுகளுக்குப் பொதுவான அத்தியாய எண்: 32 என்றால் தரையிறங்கு சக்கர அமைப்பு, 27 பறப்புக் கட்டுப்பாடு, 28 எரிபொருள். அடுத்தடுத்த எண்கள் உள் அமைப்பையும் பாகத்தையும் காட்டும். பக்க எண்ணுக்கும் பொருள் உண்டு. 201இல் தொடங்கினால் பராமரிப்பு முறைகள், 301 சர்வீசிங், 401 கழற்றி மாட்டுவது, 501 சரிசெய்து சோதிப்பது, 601 ஆய்வு, 801 பழுதுபார்ப்பு. இது மனதில் பதிந்துவிட்டால் முன்பின் தெரியாத விமானத்தின் கையேட்டிலும் சீக்கிரம் இடத்தைப் பிடித்துவிடலாம்.

கே: தம்பி, 20 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். கழற்றிய போல்ட்டோடு ஒப்பிட்டுப் புதிய போல்ட்டை எடுத்தால் என்ன தப்பு?

அண்ணே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1990 ஜூன் 10. பிரிட்டிஷ் ஏர்வேஸின் பி.ஏ.சி. 1-11 விமானம் 17,000 அடி உயரத்தைத் தாண்டி ஏறும்போது விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. விமானியின் பாதி உடல் வெளியே. சிப்பந்திகள் அவரைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி தரையிறக்கினார். எல்லோரும் பிழைத்தார்கள்.

கண்ணாடியை மாற்றியவர் பழைய போல்ட்டைக் கையில் வைத்து, கண்ணால் ஒப்பிட்டுத்தான் புதியதை எடுத்தார். 90 போல்ட்டில் 84, அங்குலத்தில் 0.026 அளவுக்கு மெலிந்தவை. கொடுமை என்னவென்றால், கழற்றிய பழைய போல்ட்டே சரியானது இல்லை, குட்டையானது. ஐ.பி.சி. (படங்களோடு பாக எண்களைத் தரும் பட்டியல்) பக்கத்தைத் திறந்திருந்தால் சரியான எண் அங்கேயே இருந்தது.

கே (அதே அண்ணன்): அவர் கவனமில்லாதவர். எல்லோரும் அப்படியா?

இல்லை அண்ணே. கிடங்கு வரை போய் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு அக்கறை இருந்தது. ஆனால் ஒப்பிட்ட பொருளும் தவறு, கண்ணால் ஒப்பிட்டதும் தவறு. பழைய பாகம் நேற்று யாரோ மாட்டியதைத்தான் காட்டும். எதை மாட்ட வேண்டும் என்பதை ஐ.பி.சி.தான் சொல்லும்.

கே (வேறொருவர்): நைட் ஷிஃப்டில் ஹேங்கரிலிருந்து கணினிக்குப் போய் வரவே கால் மணி நேரம் ஆகிறது. அண்ணன் சொல்வதிலும் நியாயம் உண்டு.

இந்தக் குறை உண்மையானது, ஆனால் அதைத் தீர்க்க வேண்டியது நிர்வாகம். விமானத்தின் பக்கத்தில் டேப்லெட் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். அச்செடுத்தால் அன்றைய வேலைக்கு மட்டும், ஷிஃப்ட் முடிந்ததும் கிழித்துப் போடுங்கள். நான் பழைய அச்சுப் பக்கம் ஒன்றைக் கருவிப் பெட்டியில் வைத்திருந்தேன். இடையில் வந்த தற்காலிகத் திருத்தம் அதன் டார்க் அளவை (எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை) மாற்றியிருந்தது. கையொப்பமிடும் முன் சக ஊழியர் கவனித்தார். அன்றிலிருந்து என் பெட்டியில் கருவிகள் மட்டும்தான்.

கே: ஏ320 ஏ.எம்.எம். பி.டி.எஃப்.?

737க்குச் சொன்ன பதிலே.

கே: ஏ.டி. (கட்டாயமாகச் செய்ய வேண்டிய பாதுகாப்பு உத்தரவு) எங்கே பார்ப்பது?

எஃப்.ஏ.ஏ.வின் டி.ஆர்.எஸ். என்ற ஆவணத் தளம், ஐரோப்பாவின் விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈ.ஏ.எஸ்.ஏ.வின் பாதுகாப்பு வெளியீடுகள் தளம். இரண்டும் எல்லோருக்கும் இலவசம்.

கே: சி.எம்.எம். என்றால்?

விமானத்திலிருந்து கழற்றிய பாகத்தைப் பட்டறையில் பிரித்துப் பார்ப்பதற்கான கையேடு. விமானத்தின் மேல் செய்யும் வேலைக்கு ஏ.எம்.எம்.

கே: டெலிகிராமில் முழு செட் கிடைக்கிறதே சார்?

மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், வேண்டாம். அது எந்த விமானத்துக்கு, எந்தத் திருத்தம் என்று யாரும் உங்களுக்கு உத்தரவாதம் தர மாட்டார்கள். கையெழுத்துப் போடுவது நீங்கள்.

கே: என்னிடம் இருக்கும் பிரதி நடப்பில் உள்ளதுதானா என்று எப்படி உறுதிசெய்வது?

முதலில் திருத்த எண்ணையும் தேதியையும் தயாரிப்பாளரின் நடப்புப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அடுத்து தற்காலிகத் திருத்தங்கள். பழைய காகிதக் கையேடுகளில் இவை மஞ்சள் தாளில் இருக்கும். கடைசியாக, அந்தப் பக்கம் எந்தெந்த விமானங்களுக்குப் பொருந்தும் என்ற குறிப்பில் உங்கள் விமானத்தின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கருவியைக் கையில் எடுக்காதீர்கள், நூலகத்துக்குப் போன் செய்யுங்கள்.