எப்போதும் களைப்பு: டானிக் வாங்குமுன் ரத்தத்தைப் பாருங்கள்

கேள்வி: வயது 19. பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காலை 6.15-க்கு காலேஜ் பஸ் என்பதால் பெரும்பாலும் சாப்பிடாமலேயே ஏறிவிடுகிறேன். முதல் பீரியடிலேயே கண் சொக்குகிறது. இரண்டாவது மாடியில் உள்ள லேபுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஞாயிறு முழுக்கத் தூங்கினாலும் அசதி போவதில்லை. மாதவிடாய் எட்டு நாள்வரை நீடிக்கிறது. வீட்டில் ‘எந்நேரமும் போன், அதான் சோம்பல்’ என்று திட்டுகிறார்கள். என்ன டானிக் குடிக்கலாம்?

பதில்: இது சோம்பல் இல்லை. இந்தப் பதிலை வீட்டிலும் படிக்கக் கொடுங்கள். படி ஏறினால் மூச்சு வாங்குவது, எட்டு நாள் உதிரப்போக்கு, தூங்கியும் தீராத அசதி மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது ரத்தசோகைமேல்தான். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதனாலேயே அதை ‘பொம்பளைப் பிள்ளைன்னா அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

கண்ணாடி முன் நின்று கீழ் இமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் நல்ல சிவப்பாக இல்லாமல் வெளுத்திருக்கிறதா? பச்சரிசியையோ ஐஸ் கட்டியையோ மென்றுகொண்டே இருக்கத் தோன்றுகிறதா? வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள். ஆனால் இரும்புச்சத்துக் குறைந்த பலருக்கும் இந்த ஆசை வரும்.

இவை சந்தேகத்துக்குத்தான், உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை வேண்டும். ஹீமோகுளோபினையும் ரத்த அணுக்களையும் காட்டும் சி.பி.சி., உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச். மூன்றும் எடுங்கள். அசைவம் சாப்பிடாதவர் என்றால் பி12-ம் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. அது 12-ஐத் தாண்டியிருந்தும் ஃபெர்ரிட்டின் குறைவாக இருக்கலாம். அப்போதும் அசதி வரும். ‘ரிப்போர்ட் நார்மல்’ என்று சொன்னால், ஃபெர்ரிட்டின் பார்த்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

குறைவு உறுதியானால் மருந்து இரும்புச்சத்து மாத்திரைதான். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருவார்கள். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை மருத்துவர் சொல்லட்டும். மாத்திரை போட்ட பிறகு ஒரு மணி நேரமாவது டீ, காபி, பால் வேண்டாம். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் சத்து நன்றாக உடலில் ஏறும். மலம் கறுத்துப் போகும், பயப்படாதீர்கள். வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பின் போடலாம். இரண்டு வாரத்தில் தெம்பு வந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடலின் சேமிப்பு நிரம்பும்.

பீட்ரூட், மாதுளை ஜூஸை மட்டும் நம்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். நிறம் சிவப்பு என்பதால் ரத்தம் ஊறிவிடாது; அவற்றில் இரும்புச்சத்து குறைவு. ஆட்டு ஈரல், சுவரொட்டி, முருங்கைக்கீரை, பயறு வகைகள் மேலானவை. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். கீரையிலுள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ளாமல் தடுப்பது அதுதான்.

எட்டு நாள் உதிரப்போக்குக்கும் காரணம் தெரிய வேண்டும். ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை நாப்கின் நனைந்துபோனாலோ கட்டி கட்டியாகப் போனாலோ மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் மாத்திரை மட்டும் விழுங்கினால், ஏறிய சத்து மாதாமாதம் இறங்கிவிடும்.

தூக்கத்துக்கும் வருகிறேன். 6.15 பஸ்ஸுக்கு ஐந்து மணிக்கு எழுகிறீர்கள் என்றால் பத்து மணிக்குப் படுத்தால்தான் ஏழு மணி நேரம் கிடைக்கும். உங்கள் வயதுக்கு அதுவே குறைந்தபட்சம். ஞாயிறன்று பகல் முழுக்கத் தூங்கினால் அன்றிரவு தூக்கம் தள்ளிப்போய், திங்கள் இன்னும் மோசமாகும். மாலை நான்கு மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். காலையில் இட்லியை டப்பாவில் எடுத்துப்போய் பஸ்ஸிலேயே சாப்பிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, அடங்காத தாகத்தோடு அடிக்கடி சிறுநீர், இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருந்தும் எதிலும் பிடிப்பில்லாமல், அழுகை அழுகையாக வந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.