புகையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லையா?

நண்பரே, நீங்கள் 'புகை டெக்கீலா' என்று வாங்கிய பாட்டிலின் லேபிளில் மெஸ்கால் (டெக்கீலா போலவே கற்றாழையில் வடிக்கும் மெக்சிகோ மது), எஸ்பாடின் (ஒரு கற்றாழை வகை) என்று இருப்பதாகவும், குடித்தால் புகை மட்டும்தான் தெரிகிறது என்றும் சொல்கிறீர்கள். அப்படியென்றால் அது டெக்கீலா இல்லை. டெக்கீலாவுக்கு நீலக் கற்றாழையை (அகேவ் என்னும் செடி, நம் சோற்றுக் கற்றாழை அல்ல) பெரும்பாலும் நீராவியில் வேகவைப்பார்கள், புகை ஏறாது. மெஸ்காலுக்கோ வழக்கமாகக் கற்றாழையின் நடுத்தண்டை மண்குழியில், விறகெரித்துக் சூடேற்றிய கற்கள்மேல் போட்டு மூடி, நாள்கணக்கில் சுடுவார்கள்.

மெஸ்காலை ஃப்ரீசரில் வைத்து, உப்பும் எலுமிச்சையுமாக ஒரே மடக்கில் குடித்தால் கருகல் மட்டும்தான் தெரியும். குளிர் மணத்தை அமுக்கிவிடும். குளிரவைக்காமல், வாயகன்ற சின்னக் கிண்ணத்தில் ஊற்றுங்கள். மூக்கைச் சற்றுத் தள்ளி வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். முதல் மிடறு நாக்கைப் பழக்கத்தான். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டாவதை வாயில் கொஞ்சம் நிறுத்துங்கள். சுட்ட சர்க்கரைவள்ளியின் இனிப்பு, அப்புறம் ஆரஞ்சுத் தோல், மிளகுக் காரம், ஈரமண் என்று ஒவ்வொன்றாக வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது காலிக் கிண்ணம். பத்து நிமிடம் கழித்து முகர்ந்து பாருங்கள், புகை அடங்கி வெந்த கற்றாழை வாசம் மட்டும் நிற்கும். இடையில் கடிக்க ஆரஞ்சுத் துண்டு வைத்துக்கொள்ளலாம்; மெக்சிகோவின் வஹாக்காவில் அதுதான் வழக்கம்.