டிரைவ் வாங்குமுன் மோட்டாரின் ஆம்பியரைப் பாருங்கள்

கேள்வி: ஆழ்துளைக் கிணற்றில் 5 எச்.பி. த்ரீ ஃபேஸ் சப்மெர்சிபிள் மோட்டார், 415 வோல்ட். தண்ணீர் மட்டத்திலிருந்து மேல்தொட்டி 60 மீட்டர், கேபிள் 100 மீட்டர். 5 எச்.பி. வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்) மாட்டினால் மின்கட்டணம் பாதியாகும் என்கிறார் பேனல் செய்து தருபவர். வாங்கலாமா?

பதில்: 5 எச்.பி. டிரைவ் வேண்டாம். தரைமேல் வைக்கும் 5 எச்.பி. மோட்டார் ஏழரை ஆம்பியர் அளவில் இழுக்கும். ஒல்லியான சப்மெர்சிபிளோ அதே வேலைக்கு 10 ஆம்பியர்கூட இழுக்கும். 5 எச்.பி. என்று விற்கும் டிரைவ்கள் பல 9 ஆம்பியரோடு நின்றுவிடுவதால் அடிக்கடி ஓவர்லோடில் ட்ரிப் ஆகும். மோட்டாரோடு வந்த சீட்டில் ஃபுல் லோட் ஆம்பியர் இருக்கும். டிரைவ் தொடர்ந்து தரும் ஆம்பியர் அதைவிட 10 சதவீதமாவது கூடுதலாக இருக்கட்டும். பெரும்பாலும் அது 7.5 எச்.பி. டிரைவாகத்தான் இருக்கும். எச்.பி.யைப் பெட்டிமேல் கொட்டை எழுத்தில் போட்டு, ஆம்பியரைக் கையேட்டின் மூலையில் ஒளிக்கும் வழக்கத்தைக் கம்பெனிகள் எப்போதுதான் விடுமோ!

பாதிக் கட்டணம் என்ற பேச்சை நம்பாதீர்கள். டிரைவ் 50 ஹெர்ட்ஸ் சப்ளையை 40 ஹெர்ட்ஸாக இறக்கி வேகத்தைக் குறைத்தால், பம்ப் பாதி மின்சாரத்தில் சுற்றும் என்பது உண்மை. ஆனால் தண்ணீர் ஏறும் உயரமும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப விழும். வால்வை மூடினால் உங்கள் பம்ப் 80 மீட்டர் அழுத்தம் காட்டுகிறது என்று வையுங்கள். 40 ஹெர்ட்ஸில் அது 51 மீட்டர்தான். 60 மீட்டர் உயரத் தொட்டிக்கு ஒரு சொட்டும் ஏறாது, மோட்டார் சும்மா சுற்றிச் சூடாகும். 43, 44 ஹெர்ட்ஸைத் தாண்டினால்தான் தண்ணீரே எட்டிப் பார்க்கும். தொட்டி நிரப்ப மட்டும் என்றால் மிச்சம் சொற்பம்.

மிச்சம் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. கிணற்றில் ஊற்று போதாமலோ குழாய் தாங்காமலோ வால்வைப் பாதி மூடி ஓட்டுகிறீர்கள் என்றால், அந்த வால்வு தின்னும் மின்சாரம் உங்களுக்கே திரும்பும். வால்வை முழுதாகத் திறந்து, 50-லிருந்து ஒவ்வொரு ஹெர்ட்ஸாக இறக்குங்கள். முன்பு ஒரு வாளி நிரம்பிய அதே நேரத்தில் இப்போதும் நிரம்பும் இடத்தில் நிறுத்துங்கள். டிரைவின் திரையில் கிலோவாட்டைப் பார்த்தால் எவ்வளவு குறைந்தது என்று அங்கேயே தெரியும்.

100 மீட்டர் கேபிளுக்கு டிரைவின் வெளிப்பக்கம் டிவி டிடி ஃபில்டர் (வோல்ட்டேஜ் சட்டென எகிறுவதைத் தணிக்கும் கருவி) கட்டாயம். அது இல்லாவிட்டால் மோட்டார் முனையில் 1,100 வோல்ட்டைத் தாண்டும் துடிப்புகள் வைண்டிங் இன்சுலேஷனை மெல்ல மெல்ல ஓட்டை போடும். “அதெல்லாம் தேவையில்லை” என்பவர், மோட்டாரை மேலே தூக்கும் கூலியைத் தரப்போவதில்லை.

குறைந்தபட்ச வேகத்தை 30 ஹெர்ட்ஸாக வையுங்கள். நின்ற நிலையிலிருந்து அதை ஒரு நொடிக்குள் எட்ட வேண்டும். மெதுவாகச் சுற்றினால் பம்பின் கீழ்நோக்கிய அழுத்தத்தைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கில் தண்ணீர்ப் படலம் உருவாகாமல் தேயும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையே பழைய ஸ்டார்ட்டரோ கப்பாசிட்டரோ இருக்கக்கூடாது. சப்ளை ஆர், எஸ், டி முனைகளிலும் மோட்டார் யு, வி, டபிள்யூ முனைகளிலும் வர வேண்டும். மாற்றி மாட்டினால் சுவிட்ச் போட்ட நொடியே டிரைவ் போய்விடும்.