மாநில சாலைப் பாதுகாப்புத் திட்டம் பலன் தருகிறதா என்று எப்படி அளப்பது?

எத்தனை பலகை வைத்தார்கள், எவ்வளவு அபராதம் வசூலித்தார்கள் என்பதை முன்னேற்றமாகக் காட்டுவார்கள். அது வேலைக் கணக்குதான். பார்க்க வேண்டியது உயிரிழப்பு. விபத்து நடந்து 30 நாளுக்குள் மருத்துவமனையில் இறந்தவரும் அதில் சேர வேண்டும்.

தமிழ்நாட்டில் 2022இல் 17,884 பேர், 2023இல் 18,347 பேர் சாலையில் இறந்தார்கள். ஓராண்டு ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. 2020இல் எண்ணிக்கை இறங்கியது, ஊரடங்கில் வண்டிகள் ஓடாததால். மூன்று ஆண்டுச் சராசரியைப் பாருங்கள்.

உயிரிழப்பு குறையும் முன்பே மாறுவது நம் பழக்கம். ஒரு சிக்னலில் அரை மணி நேரம் நின்று எண்ணிப் பாருங்கள். ஹெல்மெட் தலையில் இருக்கிறதா, பெட்ரோல் டேங்க் மேல் இருக்கிறதா? தாடை வாரைப் பூட்டியிருக்கிறாரா? பின்னால் குழந்தையோடு இருக்கும் அம்மாவுக்கு ஹெல்மெட் உண்டா? இதே இடத்தில், இதே நேரத்தில் ஆறு மாதம் கழித்து மறுபடி எண்ணினால் உண்மை தெரியும்.

அடுத்தது விபத்துப் பகுதிகள். தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டில் 10 பேர் இறந்தாலே அது 'பிளாக் ஸ்பாட்'. தடுப்புச்சுவர் கட்டி, விளக்குப் போட்டு, 'சரிசெய்தாயிற்று' என்று கோப்பை மூடினால் போதாது. அதன் பிறகு அங்கே யாரும் சாகவில்லை என்று காட்ட வேண்டும்.