களாப் பழ ஜாம் உறையவில்லை, எந்தப் பவுடர் போடலாம்?

கேள்வி: ஐயா, வேலிக்கு வைத்த களாச் செடிகள் இந்த வருஷம்தான் நன்றாகக் காய்த்தன. நன்கு கறுத்த பழமாகப் பார்த்துப் பறித்து, பத்துக் கிலோவை ஒரே அண்டாவில் போட்டு ஜாம் காய்ச்சினேன். இரண்டு மணி நேரம் கொதித்தும் பாகு மாதிரி ஓடுகிறது, நிறமும் மங்கிவிட்டது. பேக்கரி சாமான் கடையில் பெக்டின் பவுடரும், கெடாமல் இருக்க இன்னொரு பவுடரும் தருகிறார்கள். எவ்வளவு போடலாம்?

பதில்: ஒன்றும் போட வேண்டாம் தம்பி. களாவுக்குப் பெக்டின் விற்கிறவர் ஒன்று களாவைப் பார்த்ததில்லை, இல்லை உங்களை நன்றாகப் பார்த்துவிட்டார். ஜாம் உறையத் தேவையான பெக்டினும் புளிப்பும் அந்தப் பழத்திலேயே தாராளமாக இருக்கிறது. இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டால் அந்தப் புளிப்பே பெக்டினை உடைத்துவிடும். ஒரு ஈடுக்கு இரண்டு கிலோ போதும். வாயகன்ற எவர்சில்வர் பாத்திரம், நல்ல தீ, சர்க்கரை போட்டபின் அரை மணிக்குள் இறக்கிவிட வேண்டும். அலுமினியமும் இரும்பும் நிறத்தைக் கெடுக்கும். தண்ணீர் உங்கள் ஊரில் எத்தனை டிகிரியில் கொதிக்கிறதோ அதற்கு மேல் ஐந்து டிகிரி வந்ததும் இறக்குங்கள். இனிப்பின் அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் இருந்தால் அது 65 காட்ட வேண்டும். அந்தப் பக்குவத்துக்கு வந்ததைச் சூடாகவே சுத்தமான பாட்டிலில் அடைத்து மூடினால் இரண்டாவது பவுடருக்கும் வேலை இல்லை. நீர்த்த ஜாம் விற்பவருக்குத்தான் அது தேவை. ஓடுகிற சரக்கை மறுபடி காய்ச்சாமல் சர்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது பறிப்பைப் பற்றி. பழம் கனியக் கனிய பெக்டினும் புளிப்பும் குறையும். கறுத்ததாகவே பொறுக்கினால் நிறமும் மணமும் வரும், கெட்டி வராது. ஒரே புதரில் வெளுத்த காய், சிவந்த காய், கறுத்த பழம் எல்லாம் ஒன்றாக நிற்கிறதென்று எல்லோரும் சலித்துக்கொள்கிறார்கள். ஜாம் போடுகிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கறுத்தது மூன்று பங்கு, சிவக்க ஆரம்பித்தது ஒரு பங்கு, இரண்டையும் தனித்தனிக் கூடையில் பறித்து, எடை போட்டுக் கலக்க வேண்டும். கண்ணளவு ஆகாது. புதரை உலுக்கி விழுந்ததை அள்ளுவதும் ஆகாது, அடிபட்ட பழம் அன்று சாயங்காலமே புளிக்க ஆரம்பித்துவிடும். முள்ளுக்குப் பயந்தால் தோல் கையுறை வாங்குங்கள், பவுடருக்கு வைத்திருந்த காசு அதற்கு ஆகும். பறித்ததும் உப்புத் தண்ணீரில் போட்டு அலசினால் காம்புப் பால் போகும், இல்லையென்றால் துவர்ப்பு நிற்கும். எல்லாம் ஒரே சீராகப் பழுக்க எத்திபான் என்கிற பழுக்கவைக்கும் மருந்தைத் தெளிக்கச் சொல்லி யாராவது வருவார்கள். திருப்பி அனுப்புங்கள், நமக்கு வேண்டியதே அந்தச் சீரில்லாமைதான்.

கலவை சரியா என்று சர்க்கரை போடும் முன்பே பார்த்துவிடலாம். வெந்த சாறு ஒரு ஸ்பூன் எடுத்து நன்றாக ஆறவிட்டு, அதே அளவு ஸ்பிரிட்டை மெதுவாக விட்டு அசைக்காமல் சில நிமிஷம் வையுங்கள். ஒரே கட்டியாகத் திரண்டால் சர்க்கரையைப் போடலாம். நூல் நூலாகப் பிரிந்தால் சிவந்த காயை இன்னும் கொஞ்சம் வேகவைத்துச் சேருங்கள். சோதித்ததைக் கீழே கொட்டிவிடுங்கள், வாயில் வைத்துப் பார்க்காதீர்கள்.