வெளிநாட்டு ஆர்டரும் கஸ்டம்ஸ் வரியும்: கேள்வி பதில்

கேள்வி (திருப்பூர்): அண்ணா, வணக்கம்ங்க. குழந்தைத் துணி ஆன்லைன்ல விக்கிறேன், ஜிஎஸ்டி இருக்குதுங்க. அமெரிக்கா, சிங்கப்பூர்ல இருந்து கேக்கறாங்க. பக்கத்துக் கூரியர் கடையில “சாம்பிள்னு போட்டு அனுப்பிக்கலாம், எந்தப் பேப்பரும் வேண்டாம்”ங்கறாங்க. அனுப்பலாங்களா?

பதில்: வேண்டாம் தம்பி. சாம்பிளும் கிஃப்ட்டும் சிஎஸ்பி-4 என்ற கூரியர் கஸ்டம்ஸ் படிவத்தில் போகும். விற்ற சரக்கு சிஎஸ்பி-5ல் போக வேண்டும். நாலில் போட்டாலும் பெட்டி போய்ச் சேர்ந்துவிடும், சிக்கல் அதற்கப்புறம்தான். ஏற்றுமதி நடந்ததற்கு உங்கள் கையில் கஸ்டம்ஸ் ஆதாரம் இருக்காது. ஜிஎஸ்டி கணக்கில் அதை ஏற்றுமதி என்று நிரூபிக்க முடியாது, வந்த டாலர் எதற்கு வந்தது என்று பேங்க் கேட்டால் காட்டவும் எதுவும் இருக்காது.

மூன்று வேலையை முதலில் முடிங்க. முதலாவது ஐஇசி, அதாவது ஏற்றுமதி-இறக்குமதிக்கான அடையாள எண். டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் 500 ரூபாய் கட்டணம், உங்கள் பான் எண்ணேதான் ஐஇசி எண். எதுவும் மாறாவிட்டாலும் வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் உள்ளே போய் “விவரம் சரி” என்று உறுதி செய்யணும். மறந்தால் எண் செயலிழக்கும், பெட்டி ஏர்போர்ட்டில் நிற்கும்போதுதான் அது தெரியவரும். இரண்டாவது, கரன்ட் அக்கவுன்ட் இருக்கும் பேங்கில் ஏடி கோட் (அந்நியச் செலாவணி கையாள அனுமதி பெற்ற பேங்க் கிளையின் எண்) லெட்டர் வாங்கி கஸ்டம்ஸில் பதிவது. பெட்டி கோவையில் கிளம்பினாலும் கிளியரன்ஸ் வேறு ஊரில் நடக்கலாம். அதனால் எந்த இடத்துக்குப் பதிய வேண்டும் என்று கூரியரிடம் முன்னாடியே கேட்டுக்கோங்க. மூன்றாவது எல்யூடி என்ற உறுதிமொழிப் பத்திரம். ஜிஎஸ்டி தளத்தில் ஆர்எஃப்டி-11 படிவம். இது இருந்தால் ஐஜிஎஸ்டி (வெளிமாநில, வெளிநாட்டு விற்பனைக்கான ஜிஎஸ்டி) கட்டாமல் ஏற்றுமதி செய்யலாம். மார்ச் 31 அன்று காலாவதியாகும், புது நிதியாண்டுக்குப் புதிதாகப் போடணும்.

இன்னொன்று: இன்வாய்ஸ் 60 டாலர், பேமென்ட் கேட்வே கட்டணம் பிடித்து 57தான் வருகிறது என்றால், அந்த 3 டாலருக்கான செட்டில்மென்ட் தாளை எடுத்து வையுங்க. பேங்க் 60க்குத்தான் கணக்குக் கேட்கும்.

கேள்வி (சென்னிமலை): ஜெர்மனிக்கு 200 யூரோவுக்குப் பெட்ஷீட்டும் டீ-ஷர்ட்டும் வேணுமுங்கறாங்க. போன தடவை இன்னொருத்தருக்கு அனுப்பினப்ப வரி கேட்டாங்கன்னு பெட்டியையே வாங்காம உட்டுட்டாங்க. எவ்வளவு வரும்னு முன்னாடியே கணக்குப் போட முடியுங்களா அண்ணா?

பதில்: முடியும் அக்கா, ஆர்டர் எடுக்கும் முன்பே போட்டாகணும். ஐரோப்பாவில் சரக்கு விலையோடு ஃப்ரெய்ட்டும் (அனுப்பும் கட்டணம்) சேர்த்துத்தான் வரி. 200 யூரோவும் முழுக்கப் பருத்தி டீ-ஷர்ட் என்றே வைத்துக்கொள்வோம், ஃப்ரெய்ட் 30. மொத்தம் 230. சலுகை எதுவும் கோராவிட்டால் சுங்கவரி 12 சதவீதம், 27.60. இரண்டையும் கூட்டினால் 257.60. அதன் மேல் ஜெர்மனியின் வாட் (நம்ம ஜிஎஸ்டி மாதிரி விற்பனை வரி) 19 சதவீதம், 48.94. ஆக 76.54 யூரோ. கூரியரின் கையாளும் கட்டணம் தனி. பெட்ஷீட்டுக்குச் சுங்கவரி விகிதம் வேறு, அதை அதன் எச்எஸ் கோடை (சரக்கை வகைப்படுத்தும் கஸ்டம்ஸ் எண்) வைத்துத் தனியாகப் பாருங்க.

200 யூரோ கொடுத்தவரின் வாசலில் திடீரென்று 76 யூரோ கேட்டால் யாருக்கும் கோபம்தான் வரும். அவர் மறுத்தால் திரும்பி வரும் ஃப்ரெய்ட் உங்கள் தலையில் விழும். பல நேரம் அது சரக்கின் விலையையே தாண்டும். இரண்டு வழி இருக்கிறது. டிடிபியில் அனுப்பினால் வரியை நீங்கள் கட்டி, விலையிலேயே சேர்த்துவிடலாம். டிஏபி என்றால் வாங்குபவர் கட்டணும். அப்படியானால் பணம் கட்டும் பக்கத்திலேயே “சுங்கவரியும் வாட்டும் உங்கள் பொறுப்பு, ஏறத்தாழ இவ்வளவு” என்று தொகையோடு எழுதுங்க. “வரி வரலாம்” என்று மொட்டையாக எழுதியதை யாரும் படிப்பதில்லை. சில்லறை ஆர்டருக்கு டிடிபிதான் நல்லது என்பது என் முடிவு.

கேள்வி (கரூர்): கஸ்டமர் “கிஃப்ட்னு போடுங்க, விலையக் கொறச்சு எழுதுங்க”ங்கறார். போடலாங்களா?

பதில்: கூடாது. தனி ஆள் தனி ஆளுக்கு அனுப்புவதுதான் கிஃப்ட், கடை அனுப்புவது கிஃப்ட் ஆகாது. விலையைக் குறைத்து எழுதினால் பெட்டி தொலையும்போது இன்ஷூரன்ஸும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் கிடைக்கும்.

கேள்வி (திருப்பூர், அவினாசி ரோடு): அமெரிக்காவுக்கு 800 டாலர் வரைக்கும் வரி இல்லைன்னாங்க. இப்ப ஒவ்வொரு பெட்டிக்கும் வரி கேக்கறாங்க. ஒரே மாதிரி ரெண்டு டீ-ஷர்ட்டுக்கு ரெண்டு விதமா வரி போட்டிருக்காங்க, ஏனுங்க?

பதில்: அந்த 800 டாலர் சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுக்கும் நிறுத்தப்பட்டது. அதனால்தான் இந்திய அஞ்சல்துறையும் அந்த ஆகஸ்டில் அமெரிக்காவுக்குப் பெட்டி எடுப்பதை நிறுத்தி, வரியை முன்கூட்டியே வாங்கும் ஏற்பாட்டோடு அக்டோபர் 15 அன்று மறுபடி தொடங்கியது.

இரண்டு விதமான வரிக்குக் காரணம் நூல். பின்னலாடை டீ-ஷர்ட் பருத்தி என்றால் எச்எஸ் 6109.10, அமெரிக்காவில் அடிப்படை வரி 16.5 சதவீதம். பாலியஸ்டர் போன்ற செயற்கை இழை என்றால் 6109.90ல் விழும், 32 சதவீதம். கலப்புத் துணியில் எடையில் எது அதிகமோ அதுதான் கணக்கு. 60 பருத்தி, 40 பாலியஸ்டர் என்றால் பருத்தி. திருப்பிப் போட்டால் வரி கிட்டத்தட்ட இரட்டிப்பு. இதற்கு மேல் வரும் கூடுதல் வரி அடிக்கடி மாறுகிறது, அனுப்பும் அன்றைக்குள்ள விகிதத்தைப் பார்த்தே விலை சொல்லுங்க. ஐரோப்பா போலில்லாமல் அமெரிக்காவில் ஃப்ரெய்ட்டைச் சேர்க்காமல் சரக்கு விலைக்கு மட்டும்தான் வரி. ஆகவே இன்வாய்ஸில் ஃப்ரெய்ட்டைத் தனியாகக் காட்டுங்க. சேர்த்து எழுதினால் அதற்கும் வரி கட்டுவீங்க.

பெட்டி நிற்பது பெரும்பாலும் இன்வாய்ஸில் சரக்கை விவரிக்கும் ஒரே ஒரு வாக்கியத்தால்தான். “காட்டன் கார்மென்ட்ஸ், 12 பீஸ்” என்று எழுதினால் அதிகாரிக்கு எதுவும் புரியாது. இப்படி எழுதுங்க: “ஆண்கள் டீ-ஷர்ட், பின்னல் துணி, 100 சதவீதம் பருத்தி, எச்எஸ் 6109.10, 12 பீஸ், ஒன்று 9 டாலர், மொத்தம் 108 டாலர், இந்தியாவில் தயாரானது.” பின்னலா நெசவா என்று சொல்வது முக்கியம். எச்எஸ் பட்டியலில் பின்னல் 61ஆம் அத்தியாயம், நெசவு 62. சட்டையைக் கையில் எடுத்துக் கழுத்தின் உள்பக்கமும் பாருங்க. அமெரிக்காவுக்குப் போகும் டீ-ஷர்ட்டில் எந்த நாட்டில் தயாரானது என்ற லேபிள் இரண்டு தோள் தையலுக்கும் நடுவே, கழுத்தில் இருக்கணும். பக்கத் தையலில் மட்டும் வைத்திருந்தால் அதற்காகவே நிறுத்தலாம்.

கேள்வி (பவானி): ஐரோப்பா ஆர்டர் மார்க்கெட்பிளேஸ் வழியா வருதுங்க. அவங்களே வாட் புடிச்சுட்டாங்க. ஆனா கஸ்டமர்கிட்ட மறுபடியும் வாட் கேட்டிருக்காங்க.

பதில்: ஐஓஎஸ்எஸ் எண் (வாட் ஏற்கெனவே பிடித்தாயிற்று என்று ஐரோப்பிய கஸ்டம்ஸுக்குக் காட்டும் எண்) கூரியரின் டேட்டாவில் ஏறவில்லை. 150 யூரோ வரையிலான பெட்டிக்கு மார்க்கெட்பிளேஸ் வாட் பிடித்து, ஆர்டர் பக்கத்தில் அந்த எண்ணைக் கொடுக்கும். பெட்டி மேல் எழுதினால் போதாது, புக்கிங் செய்யும்போது அதற்கென உள்ள கட்டத்தில் போடணும்.

அதோடு, ஒரே ஆளின் இரண்டு ஆர்டரை ஒரே பெட்டியில் கட்டாதீங்க. 90ம் 80ம் சேர்ந்தால் 170, வரம்பு தாண்டி ஐஓஎஸ்எஸ் செல்லாமல் போகும். 150க்குக் கீழ் இருப்பதற்கும் 2026 ஜூலை 1 முதல் 3 யூரோ சுங்கவரி என்று ஐரோப்பிய ஒன்றியம் முடிவெடுத்திருக்கிறது. அது பெட்டிக்கு அல்ல, பொருள் வகைக்கு. துண்டும் தலையணை உறையும் ஒரே பெட்டியில் போனால் 6 யூரோ.

கேள்வி (ஈரோடு): மஞ்சத்தூள் அமெரிக்காவுக்கு, கால் கிலோ பாக்கெட்டுங்க.

பதில்: துணி மாதிரி நினைக்காதீங்க. இங்கே எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமமும் ஸ்பைசஸ் போர்டின் ஏற்றுமதியாளர் பதிவும் வேண்டும். அங்கே எஃப்டிஏவில் (அமெரிக்க உணவு, மருந்துத் துறை) தயாரிக்கும், பேக் செய்யும் இடத்தைப் பதியணும். அதற்கு அமெரிக்காவில் ஒரு ஏஜென்ட் வேண்டும். இரட்டைப்படை ஆண்டுதோறும் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பதிவைப் புதுப்பிக்கணும். இதெல்லாம் போக, ஒவ்வொரு பெட்டிக்கும் எஃப்டிஏவுக்கு முன்னறிவிப்பு போட்டு, அதற்குக் கிடைக்கும் எண்ணைக் கூரியருக்குக் கொடுக்கணும். மஞ்சளில் ஈயம் இருக்கிறதா என்று லேப் ரிப்போர்ட் இல்லாமல் அனுப்பவே அனுப்பாதீங்க. நிறத்துக்காக லெட் குரோமேட் (ஈயம் உள்ள மஞ்சள் நிறமி) கலப்பவர்களால் மஞ்சள் என்றாலே சந்தேகப்படுகிறார்கள். சாப்பிடுவது குழந்தைகளும்தான்.

கேள்வி (கோவை, கணபதி): டேபிள்டாப் கிரைண்டர் 13 கிலோதான். கூரியர்ல 16 கிலோவுக்குப் பில் போட்டுட்டாங்க.

பதில்: பெட்டி அளவுக்குப் போட்ட பில் அது. நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுங்க. 50, 40, 40 என்றால் 80,000, வகுத்தால் 16. நிஜ எடை, இந்த எடை, இரண்டில் பெரியதற்குத்தான் காசு. கல்லைக் கழற்றித் தனியாகச் சுற்றிக் கட்டினால் பெட்டியும் சுருங்கும், டிரம்மும் அடிவாங்காது. மரப் பெட்டி என்றால் பலகையின் மையம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டு முத்திரை குத்தியிருக்கணும், ப்ளைவுட் என்றால் தேவையில்லை. அமெரிக்காவுக்கு 110 வோல்ட் மோட்டார். நம்மூர் மோட்டார் அங்கே ஓடாது.

கேள்வி (சேலம்): சைஸ் சரியில்லைன்னு திருப்பி அனுப்பறாங்க. நம்ம சரக்குக்கு நாமளே இறக்குமதி வரி கட்டணுங்களா?

பதில்: முழு வரி வேண்டியதில்லை. போன சரக்கே, மாறாமல், மூன்று வருடத்துக்குள் திரும்பினால் சுங்கவரி விலக்கு உண்டு. எல்யூடியில் அனுப்பியிருந்தால் அப்போது கட்டாமல் விட்ட ஐஜிஎஸ்டியை மட்டும் கட்டணும். அதே சரக்குதான் என்று நிரூபிப்பது உங்கள் வேலை. திருப்பி அனுப்புபவரின் இன்வாய்ஸில் “விற்பனை அல்ல, திரும்பும் சரக்கு” என்றும் உங்கள் பழைய இன்வாய்ஸ் எண்ணும் இருக்கச் சொல்லுங்க, சிஎஸ்பி-5 நகலைக் கூரியருக்கு முன்பே அனுப்புங்க. முதலில் கட்டும்போதே லேபிளும் ஸ்டைல் எண்ணும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து இன்வாய்ஸோடு சேர்த்து வைத்தால், அதுதான் அன்றைக்குக் கை கொடுக்கும்.